வி மஸ்ட் கேட்ச் அப் சூன்

பதினொன்றரைக்கே வந்து நின்றது தப்பு. எல்கேஜியைப் பன்னிரண்டுக்குத்தான் விடுவார்கள். தெரிந்தேதான் வந்தாள் வேதநாயகி. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நூல் பிசிறு வெட்டக் கம்பெனியில் கொடுத்திருந்த பனியன் மூட்டை அவிழ்த்தபடியே கிடக்கிறது. காலையிலிருந்து பத்துப் பீஸ் முடித்திருந்தால் அதிகம், அதிலும் ஒன்றில் நூலோடு சேர்த்துத் துணியையும் கத்தரித்துவிட்டாள், கழுத்துப் பட்டிக்குப் பக்கத்தில், மறைக்க முடியாத இடத்தில். எல்லாம் அந்த ஐந்து வார்த்தையால். வி. மஸ்ட். கேட்ச். அப். சூன். திங்கட்கிழமை சாயங்காலம் போனில் வந்து விழுந்தது, கடைசியில் ஒரு மஞ்சள் மூஞ்சி பல்லைக் காட்டிக்கொண்டு. அனுப்பினவள் ஹரிப்ரியா, மகள் சஷ்டிகாவோடு ஒரே பெஞ்சில் உட்காருகிற ஆதிராவின் அம்மா. இன்றைக்குப் புதன். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சுவரோரம் ஒரே ஒரு புங்கமரம், அதன் நிழலில் நாலு ஸ்கூட்டி, ஸ்கூட்டி மேல் நாலு அம்மாக்கள், நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். நிழலுக்குப் போனால் பேச வேண்டும், அதனால் வெயிலில் நின்றாள். கேட்டுக்கு உள்ளே பெருக்கிக்கொண்டிருந்த ஆயாவிடம் வந்தவுடனேயே சொல்லியாகிவிட்டது, "வனஜா மிஸ்ஸ சித்தெ பாக்கணுங்க, விடறப்ப வரச் சொல்லுங்க" என்று. அதைச் சொல்லவே மூன்று தடவை தொண்டையைச் செருமிக்கொண்டாள். மிஸ்ஸிடம் சொல்லப் போவது ஒரே வரி. எங்க சஷ்டிகாவ ஆதிரா பக்கத்துல உக்கார வைக்காதீங்க, வேற பெஞ்சுக்கு மாத்திப்போடுங்க. அவ்வளவுதான். காரணம் கேட்டால்? கேட்டால் கேட்கட்டும். அவங்கம்மாவக் கேளுங்க என்று சொல்லிவிட வேண்டியதுதான். சொல்ல முடியுமா? முடியும். கோபத்தில் முடியும். அதனால்தான் கோபம் ஆறுவதற்குள் வந்துவிட்டாள், சூட்டோடு சூடாக, தோசைக்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிற மாதிரி.

போன வெள்ளிக்கிழமை பெற்றோர் மீட்டிங். குழந்தைகள் உட்காருகிற குட்டி நாற்காலி, முழங்கால் நெஞ்சில் இடிக்கிறது, சேலை நுனி தரையில் புரளுகிறது, எதிரே வனஜா மிஸ் மட்டும் பெரிய நாற்காலியில். மிஸ் நல்ல மாதிரிதான், முகத்தைச் சுளித்ததே இல்லை. டைரியைத் திருப்பி, சிவப்பு மையில் எழுதியிருந்ததை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்: "சஷ்டிகா ஹேஸ் டு கேட்ச் அப்." வேதநாயகி தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள்? புரியாததற்கெல்லாம் ஆடுகிற தலை. மிஸ்ஸுக்கு அது தெரிந்துவிட்டது. "அதாவதும்மா, மத்த பசங்க எல்லாம் முன்னாடி ஓடிட்டாங்க. இவ நின்ன இடத்துலயே நிக்கிறா. ஓடிப் போய்ப் பிடிக்கணும். அதான் கேட்ச் அப். அரையாண்டுக்குள்ள கிளாஸ்ல வாயத் தொறக்கலைன்னா அடுத்த வருசமும் எல்கேஜியிலயேதான் போட வேண்டி வரும். வீட்ல பேசுவாளா?" வீட்டிலா? வீட்டில் அவள் வாய் ஓயாது. பல்லியோடு பேசுவாள், பக்கெட்டோடு பேசுவாள், அப்பனுக்கே கதை சொல்லித் தூங்க வைப்பாள். இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று நெஞ்சு முட்டியது. வாயிலிருந்து வந்தது, "பேசுவாளுங்க" என்ற ஒரு சொல். அதுவும் மிஸ்ஸுக்குக் கேட்டிருக்காது. பின்னால் இருந்த நாற்காலியில் தன் முறைக்காகக் காத்திருந்த ஹரிப்ரியாவுக்குக் கேட்டிருக்கும். போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் காது இருக்கிறதல்லவா, காதுக்கு மூடியா போட்டிருக்கிறது? எழுந்து போகும்போது வேதநாயகியைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வெள்ளிக்கிழமை அன்றைக்கு நல்ல சிரிப்பு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. திங்கட்கிழமைதான் விளங்கியது. கேட்ச் அப். அதே வார்த்தை. டைரியிலிருந்து பொறுக்கியெடுத்து, துடைத்து, பல்லிளிக்கிற மூஞ்சி ஒன்றை ஒட்டி அனுப்பியிருக்கிறாள்.

ஒருவேளை வேறு அர்த்தமாக இருக்குமோ என்று பார்க்காமல் இல்லை. பார்த்தாள். எழுத்துக்கூட்டி, உதட்டை அசைத்து, அடுப்பில் பால் பொங்கி வழிகிற வரைக்கும் பார்த்தாள். வி என்றால் நாம். மஸ்ட் என்றால் கட்டாயம், அது தண்ணீர் வரி நோட்டீசிலேயே இருக்கும். சூன் என்றால் சீக்கிரம். கேட்ச் தெரியாதவர்கள் உண்டா, சந்தில் பந்து ஏறினாலே கேட்ச் கேட்ச் என்றுதானே கத்துகிறார்கள். அப் என்றால் மேலே. நாம் கட்டாயம் சீக்கிரம் ஓடிப் பிடிக்க வேண்டும். இதில் அந்த 'நாம்' இருக்கிறதே, அதுதான் விஷம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லுமே, "நாம ஊசி போட்டுக்கலாமா" என்று; குத்து வாங்குவது நாம் மட்டும்தான், அந்த நாமில் நர்ஸ் இருக்காது. ஹரிப்ரியாவின் பிள்ளை எதற்கு ஓட வேண்டும்? அது பிறந்த அன்றைக்கே இங்கிலீஷில் அழுத பிள்ளை. ராத்திரி சோறு போடும்போது குமரேசனிடம் போனை நீட்டினாள். கம்பெனி டெம்போ ஓட்டுகிறவன். இங்கிலீஷ் போர்டு பார்த்து ஓட்டுகிறவனுக்கு இங்கிலீஷ் வரும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. "கெச்சப்பா? தக்காளி சாஸ் கேக்கறாங்களாட்ட இருக்குது, ஒரு பாட்டில் வாங்கிக் குடுத்துப்போடு" என்று சிரித்தான். முறைத்ததைப் பார்த்ததும், போனிலேயே தமிழாக்கிக் காட்டும் இரு என்று எங்கேயோ அழுத்தினான். 'நாம் விரைவில் பிடிக்க வேண்டும்' என்று வந்தது. "யாரப் புடிக்கோணும்? திருடனையா?" என்று அதற்கும் சிரிப்பு. சிரிப்பான். அவனுக்கென்ன, அவன் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினால் யாரோடும் பேச வேண்டியதில்லை. கேட்டில் நிற்பது யார்? குட்டி நாற்காலியில் முழங்கால் மடக்குவது யார்? இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில்தான் போடணும் என்று ஒற்றைக்காலில் நின்றது மட்டும் அவன்.

இந்த வார்த்தைகள் எல்லாமே இப்படித்தான், முகத்துக்கு ஒன்று முதுகுக்கு ஒன்று. ஏழாங்கிளாசில் எழுந்து நின்று படிக்கச் சொன்னார் சார். ஐ, எஸ், எல், ஏ, என், டி. எழுத்து என்ன சொல்லுகிறதோ அதைத்தானே வாய் சொல்லும், "இஸ்லேண்டு" என்றாள். எஸ்ஸைச் சொல்லக் கூடாதாம். சொல்லக் கூடாத எழுத்தை எதற்கு எழுதி வைக்கிறார்கள்? ஆளை விழவைக்கத்தான். அந்த வருஷம் முழுக்க இஸ்லேண்டு என்பதே அவளுக்குப் பேர், "ஏ இஸ்லேண்டு, தண்ணிச் சொம்ப எடு" என்பார்கள், வருஷம் முடிந்ததும் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டதால் பேர் தொலைந்தது. இப்போது போனில் இந்த எல்கேஜி அம்மாக்கள் குரூப். குரூப்பில் போன மாதம் ஒன்று வந்தது, மாம்ஸ் ஹேங் அவுட் என்று, சனிக்கிழமை நாலு மணி போட்டு. ஹேங் தெரியும். போன் ஹேங் ஆகிவிட்டது என்பார்களே, அசையாமல் நின்றுபோவது. சனிக்கிழமை நாலு மணிக்கு எல்லாருடைய போனும் நின்றுபோகும் போலிருக்கிறது என்று, முன்கூட்டியே ஜாக்கிரதையாக மூன்றரைக்கே போனை அணைத்து அரிசி டப்பா மேல் வைத்தாள். இதை யாரிடமும் சொல்லவில்லை, சாகும்வரை சொல்லப் போவதும் இல்லை. பொழுதோடு போனை முடுக்கினால் போட்டோவாகக் கொட்டுகிறது. பதினோரு பேர், ஒரே மேஜை, ஆளுக்கொரு உயரமான கிளாஸில் காபிக்கு மேல் ஐஸ். கீழே, நல்லாச் சில் பண்ணினோம் என்று எழுத்து. சில்லு என்றால் அவளுக்குத் தெரிந்தது தேங்காய்ச் சில்லு. அதற்கும் கீழே ஹரிப்ரியா, மிஸ்ட் யூ வேதா. அவள் திக்கென்று போய், ஐயோ கூப்பிட்டிருக்கிறார்கள், எடுக்காமல் விட்டுவிட்டோமே என்று மிஸ்டு கால் பக்கம் முழுக்கத் தேடினாள், ஹரிப்ரியா பேர் எங்கேயும் இல்லை. இல்லாத காலுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினாள். எத்தனை பேர் சிரித்தார்களோ. சேர்ந்து உட்கார்ந்து காபி குடித்தோம் என்றால் யாருக்காவது நாக்கு அழுகிவிடுமா? தொங்கினோம், சில்லானோம், தவறினோம். ஒரு காபிக்கு எத்தனை வேஷம்.

கால் மணி ஆகியிருக்கும். உச்சந்தலை கொதிக்கிறது. உள்ளே ஏதோ பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்கள், எல்லாக் குரலும் ஒன்றாகி ஒரே இரைச்சலாக வருகிறது, அந்த இரைச்சலுக்குள் சஷ்டி குரல் இருக்கிறதா என்று காதைத் தீட்டினாள், இருக்காது, தெரியும், உதட்டை மட்டும் அசைப்பாள், அதுவும் சந்தேகம். இந்த வாய் எங்கிருந்து வந்தது? எங்கிருந்து வரும், என் வயிற்றிலிருந்துதான் வந்தது. மூக்கு அப்பனுடையது, நெற்றி மாமியார் வீட்டு நெற்றி, வாய் மட்டும் என்னுடையது. பூட்டிய வாய். நாலு பேர் பார்த்தால் சாவி தொலைந்துபோகிற வாய். பாலோடு சேர்த்து ஊட்டியிருப்பேன் போலிருக்கிறது என்று நினைத்தபோது கோபம் ஹரிப்ரியாவை விட்டுச் சட்டென்று தன் மேலேயே பாய்ந்தது, கன்னத்தில் இரண்டு போட்டுக்கொள்ளலாம் போல. வேண்டாம், அங்கே போனால் அழுகை வரும், அழுதால் மிஸ்ஸிடம் சொல்ல முடியாது. ஹரிப்ரியா, ஹரிப்ரியாவையே நினை. அவளும் அவள் கறுப்புக் கண்ணாடியும். ஆனால் ஹரிப்ரியாவை நினைத்தால் கூடவே ஆதிரா வருகிறாள், அதுதான் இடறுகிறது. முன்பல் இரண்டும் சொத்தை விழுந்த, எந்நேரமும் சாக்ஸ் ஒன்று இறங்கியிருக்கிற ஆதிரா. சஷ்டி அவள் காதில் சொல்லுவாள், அவள் ஊருக்குச் சொல்லுவாள். "மிஸ், சஷ்டிக்கு ஒண்ணுக்கு வருதாம்." "மிஸ், சஷ்டியோட பென்சில அவன் எடுத்துட்டானாம்." ஆவணியில் ஆதிராவுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் வரவில்லை, இரண்டு நாளும் சஷ்டி பாவாடையை நனைத்துக்கொண்டு வந்தாள், யாரிடமும் சொல்லாமல், ஈரத்திலேயே பன்னிரண்டு வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். பெஞ்சு மாற்றினால் தினமும் அதுதான் நடக்கும். தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கேட்கப் போகிறாயா? அப்படியென்றால் என் பிள்ளை அவள் பிள்ளையின் வாயை வைத்துத்தான் பிழைக்க வேண்டுமா, அவள் அம்மா கேட்ச் அப் கேட்ச் அப் என்று எனக்குப் பாடம் எடுப்பாளா, நான் கும்பிடு பொம்மை அனுப்பிக்கொண்டே இருப்பேனா? மாற்றட்டும். நனைந்தால் நனையட்டும், துவைக்க எனக்குக் கையில்லையா. துவைத்தால் தீர்ந்ததா? அந்த இரண்டு நாளும் பிள்ளையின் தொடை உரசிச் சிவந்துகிடந்தது. தேங்காய் எண்ணெய் தடவும்போதுகூட அவள் ஆதிரா எப்போது வருவாள் என்றுதான் கேட்டாள்.

ஐந்தாவது ஸ்கூட்டி வந்தது. நிழலுக்குப் போகாமல் நேராக வெயிலுக்கு, வேதநாயகியின் காலடியில் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி தலைக்கு ஏறியது. "ஹாய் வேதா! ஏன் வெயில்ல நிக்கிறீங்க? மெசேஜ் போட்டிருந்தேனே, பார்க்கலையா? ப்ளூ டிக் வந்துச்சு, பதிலே இல்லை." பதில் வேண்டுமாம். நின்று கேட்கிறாள். வேதநாயகிக்கு வழக்கம்போலத் தலை ஆடத் தொடங்கியது. ஆடிய தலையை அவளே பிடித்து நிறுத்தினாள். "எம்பட புள்ள பின்னாடி நின்னா உங்களுக்கு என்னங்க?" குரல் யாருடையதோ மாதிரி இருந்தது, உயரமாக, கீச்சென்று. மரத்தடியில் நாலு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். "நிக்கறா. ஓடலை. அது மிஸ் சொல்லட்டும், பீஸ் வாங்கறாங்க, சொல்லட்டும். நீங்க யாருங்க கேட்ச் அப் பண்ணு கேட்ச் அப் பண்ணுன்னு போன்ல எழுதறதுக்கு? பல்லுக் காட்டற பொம்மைய வேற போட்டு?" ஹரிப்ரியாவுக்கு முதலில் ஒன்றும் விளங்காத முகம்; பிறகு விளங்கிய முகம்; பிறகு, அடக்கப் பார்த்தும் முடியாமல், சிரித்துவிட்டாள். "ஐயோ வேதா, அது அந்த கேட்ச் அப் இல்லை! பேசி ரொம்ப நாளாச்சு, ஒரு நாள் உட்கார்ந்து பேசலாம்னு அர்த்தம். சும்மா. ஃபிரண்ட்ஸுக்குள்ள சொல்வாங்க."

உட்கார்ந்து பேசலாம். இவ்வளவுதானா? இரண்டு நாள் சோறு, ஒரு பனியன் கழுத்து, பொங்கி வழிந்த பால், எல்லாம் இதற்கா? கோபம் இறங்கும் என்று ஒரு நொடி காத்திருந்து பார்த்தாள், இறங்கவில்லை, ஏறியது. "அதுக்கு அதே வார்த்தையா? பின்தங்கிப் போனவளுக்கும் அதே, உக்காந்து பேசறதுக்கும் அதேயா? உக்காந்து பேசலாம் வேதான்னு எழுதினா ஆகாதுங்களா? உங்களுக்குத் தமிழ் வராதா?" "சாரி வேதா, பழக்கத்துல..." என்றாள் ஹரிப்ரியா. இப்போது சிரிப்பு இல்லை, கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. "சரி, எப்பங்க?" என்றாள் வேதநாயகி. "எது எப்ப?" "உக்காந்து பேசறது. கட்டாயம்னு போட்டிருக்கீங்க. சீக்கிரம்னு போட்டிருக்கீங்க. எப்ப?" ஹரிப்ரியா கண்ணாடியைத் தலையிலிருந்து எடுத்து மடித்தாள், மறுபடியும் விரித்தாள். "ம்... இந்த வாரம் கொஞ்சம் டைட். அடுத்த வாரம்... பார்ப்போமே, ஒரு நாள்." ஓகோ. பிடிபட்டுவிட்டது. இந்த ஒரு நாளை வேதநாயகிக்கு நன்றாகத் தெரியும். பஸ்ஸில் ஏறி, பஸ் நகர்ந்த பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வீட்டுப்பக்கம் வாங்க ஒரு நாள் என்று சொல்லுகிற ஒரு நாள். தேதி இல்லாத நாள். யாரும் போக மாட்டார்கள், போனால் திடுக்கிடுவார்கள். இங்கிலீஷில் சொன்னாலும் அதே காற்றுதான். ஆக, அவமானமும் இல்லை, அழைப்பும் இல்லை. ஒன்றுமில்லாத ஒன்றுக்கா என் பிள்ளையின் பெஞ்சை மாற்றப் பார்த்தேன்?

மணி அடித்தது. கேட் திறந்து பிள்ளைகள் கொட்டினார்கள். வனஜா மிஸ் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நேரே வந்தாள், "சஷ்டிகா அம்மா, ஏதோ பேசணும்னீங்களாம்?" பின்னாலேயே ஆதிராவும் சஷ்டியும், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பை மாதிரி இடித்துக்கொண்டு. சஷ்டி ஆதிராவின் காதில் என்னவோ சொன்னாள். ஆதிரா நிமிர்ந்து அறிவித்தாள்: "ஆன்ட்டி, சஷ்டிக்குத் தண்ணி வேணுமாம்." பெற்றவள் முன்னால் நிற்கிறாள், அவளிடம் கேட்பதற்கும் ஆள். மரத்தடி பார்க்கிறது, மிஸ் பார்க்கிறாள், ஹரிப்ரியா பார்க்கிறாள். வேதநாயகி தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். "ஆமாங் மிஸ். சஷ்டி எடத்த மாத்தாதீங்க. ஆதிரா பக்கத்துலயே இருக்கட்டும்." "யாரும்மா மாத்தறேன்னு சொன்னது?" என்றாள் மிஸ். "யாரும் சொல்லலைங்க. நாஞ் சொல்றேன், மாத்தாதீங்க. வீட்ல அவ நிறையப் பேசுவாளுங்க, நாளைக்கு வந்து உக்காந்து ஒவ்வொண்ணாச் சொல்றேன்." மிஸ் ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சரி என்று போனாள். ஹரிப்ரியா ஆதிராவைத் தூக்கி ஸ்கூட்டியில் தனக்கு முன்னால் நிறுத்தி, சாவியைத் திருப்பினாள். கிளம்பிவிடுவாள். கிளம்பினால் அந்த ஒரு நாள் ஒரு நாளாகவே போய்விடும். வேதநாயகி ஸ்கூட்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்தாள். தான் பிடித்ததைப் பார்த்துத் தானே அரண்டாள், ஆனாலும் விடவில்லை.

"வெள்ளிக்கிழமை மூணு மணி. எங்கூட்டுக்கு வாங்க. ஆதிராவையும் கூட்டிட்டு வாங்க."

"வெள்ளிக்கிழமையா..." ஹரிப்ரியா போனை எடுக்கப் போனாள், எடுக்கவில்லை. "நிஜமாவே மூணு மணிக்கா?"

"பின்ன, வெளையாட்டுக்கா சொல்றேன்? காபிதான் இருக்கும். ஐஸ் போட மாட்டேன்."

"லொகேஷன் அனுப்பறீங்களா?"

"அதெல்லாம் எனக்கு வராது. தண்ணி டேங்குக்கு எதுத்த சந்து, நாலாவது ஊடு. குமரேசன் ஊடுன்னு கேக்காதீங்க, அவர யாருக்கும் தெரியாது. வேதநாயகி ஊடுன்னு கேளுங்க."

ஹரிப்ரியா தலையை ஆட்டினாள். புரியாததற்கு ஆட்டுகிற ஆட்டம் இல்லை அது, வேறு எதற்கோ. பார்த்துக்கொண்டிருக்க வேதநாயகிக்குப் பொறுமை இல்லை. சஷ்டியின் கையைப் பிடித்து விறுவிறுவென்று நடந்தாள், பிள்ளையின் கால் பாதி தரையில் பாதி காற்றில். சந்து திரும்பினதும் பிள்ளைக்குப் பூட்டு கழன்றது. "அம்மா, ஆதிரா நம்மூட்டுக்கு வருவாளா? எந்தப் பாய்ல உக்காருவா? பல்லி இருக்குமா அப்ப?" வேதநாயகி நடையைக் குறைக்கவில்லை. முகம் இன்னும் எரிகிறது. ஹரிப்ரியா சிரித்தாளே, அந்தச் சிரிப்பு. உட்கார்ந்து கேட்க ஆள் இல்லாததால் இத்தனை வருஷம் உள்ளேயே கிடந்து நாறியதெல்லாம் இருக்கிறது, இஸ்லேண்டிலிருந்து, அரிசி டப்பாவிலிருந்து, ஒன்றுவிடாமல் சொல்லியாக வேண்டும்.

வரட்டும். வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வரட்டும் அவ. பேசிக்கிறேன்.